பெட்ரோல் வாடைக்கு ஸ்மோக் மெஷின்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்

காரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றாலே இப்போது முதலில் காதில் விழும் பெயர் ஸ்மோக் மெஷின்: குழாய்களுக்குள் புகையை ஏற்றி, அது எங்கே வெளியே வருகிறது என்று கசிவைக் காட்டும் கருவி. நல்ல கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வண்டியில் பெட்ரோலுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ஆவியாகப் போகும் பாதை, மற்றது திரவமாக அழுத்தத்தில் ஓடும் பாதை. ஸ்மோக் மெஷின் ஆவிப் பாதையை மட்டும்தான் பார்க்கும். பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை எங்கே சொட்டினாலும் அதற்குத் தெரியாது. டேங்கில் புகையை ஏற்றிப் பார்த்துவிட்டு, "கசிவே இல்லை" என்று நிம்மதியாகி, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) நனைந்து கிடக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தை விட்டுவிடுவதுதான் இதை வாங்கியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

அதனால் மெஷினில் காசு போடும் முன், வாடை எந்தப் பக்கத்தது என்று மூக்கை வைத்தே பிரித்துவிடலாம். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் அடித்து, முள் பாதிக்குக் கீழே இறங்கியதும் காணாமல் போகிறதா? டேங்கின் தலைப்பக்கம் பாருங்கள். பம்ப் மாட்யூலின் (டேங்குக்குள் பெட்ரோல் பம்பைத் தாங்கும் தொகுதியின்) சீல், பெட்ரோல் ஊற்றும் ஃபில்லர் குழாய், மேலே செல்லும் வென்ட் ஹோஸ் மூன்றில் ஒன்றாக இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அடித்து எஞ்சின் சூடானதும் அடங்கினால், இன்ஜெக்டர் ஓ-ரிங்கைச் சந்தேகப்படலாம். வயதான ரப்பர் குளிரில் சுருங்கிக் கசியும், சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தி அரை மணி கழித்து வந்து பார்த்தால்தான் வாடை என்றால் பெரும்பாலும் ஆவிப் பாதை; கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஃப்ளோட் கிண்ணத்து பெட்ரோல் எஞ்சின் சூட்டில் ஆவியாவதாகவும் இருக்கலாம்.

உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அடித்தால் புளோயரை வைத்து ஒரு சோதனை. வெளிக்காற்று முன் கண்ணாடியின் அடிப்பகுதியிலிருந்துதான் உள்ளே வருகிறது, அதாவது போனட்டுக்குப் பக்கத்திலிருந்து. ரீசர்க்குலேஷனுக்கு மாற்றியதும் வாடை குறைந்தால் கசிவு போனட்டுக்குள். மாற்றியும் குறையவில்லை என்றால் பின்சீட்டைத் தூக்குங்கள். பல கார்களில் பம்ப் மாட்யூலின் மூடி அதன் அடியில்தான் இருக்கும். ஓடும்போது பின் ஜன்னலைத் திறந்தால் மட்டும் வருகிற வாடை வேறு ரகம். அது சைலன்சர் வழியாக வந்து வண்டியின் பின்னே சுழலும் காற்றோடு உள்ளே நுழையும் எரியாத பெட்ரோல். அதற்கு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவது), ஆக்சிஜன் சென்சார் என்று போக வேண்டும், புகை போட்டுப் பயனில்லை.

இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து அளவும் ஏறியிருந்தால், ஒழுகும் இன்ஜெக்டரோ, பழைய வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் டயாஃப்ரமோ, நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினின் ஹைபிரஷர் பம்ப் சீலோ உள்ளே பெட்ரோலை விடுகிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்ட வேண்டாம், பேரிங் போய்விடும். அடுத்தது, ரெயிலில் பிரஷர் ரெகுலேட்டர் இருக்கும் வண்டிகளில் அதன் வேக்கம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ரெகுலேட்டர் மாற்ற வேண்டியதுதான், வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், அது தரையில்தான் படுக்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். எனவே சர்வீஸ் குழிக்குள் இந்த வேலை கூடாது; திறந்த வெளியில் செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எல்.இ.டி. டார்ச்சை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய குண்டு பல்பு விளக்கு கீழே விழுந்து உடைந்தால் அந்த இழையே தீப்பெட்டி. பக்கத்தில் டிரை பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். தரையில் சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரிந்தால் சோதனைக்காகக்கூட ஸ்டார்ட் செய்யக் கூடாது, தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள்.

இனி மெஷின். உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. மினரல் ஆயிலைச் சூடாக்க ஒரு ஹீட்டர், காற்றைத் தள்ள ஒரு சிறு பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், நல்ல மாடலாக இருந்தால் ஒரு ஃப்ளோ மீட்டர் (புகை ஓடும் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு குண்டு மேலே மிதக்கும் கண்ணாடிக் குழாய்). விலைக்கும் தரத்துக்கும் வித்தியாசம் கடைசி இரண்டில்தான். ஆவிப் பாதைக்குக் கொடுக்க வேண்டிய அழுத்தம் சுமார் 0.5 பி.எஸ்.ஐ., அதாவது 35 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். ஏறக்குறைய ஒன்றரைச் சாண். அதற்கு மேல் போனால் டேங்க் பிரஷர் சென்சார் கெடும், பிளாஸ்டிக் டேங்க் உப்பும், நன்றாக இருந்த இணைப்பும் விட்டுவிடும். விலை குறைந்த மாடல்களில் ரெகுலேட்டர் என்ற பெயரில் வெறும் திருகு வால்வுதான் இருக்கிறது. அது ஓட்டத்தைக் குறைக்குமே தவிர அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாது. எல்லாம் அடைத்திருந்தால் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். கேஜில் 0.5-ஐத் தெளிவாகப் படிக்க முடியவில்லை என்றாலும் அந்த மாடல் வேண்டாம். 0 முதல் 20 வரை கோடு போட்ட கேஜ் இந்த வேலைக்கு வெறும் அலங்காரம்.

வீட்டிலேயே டப்பாவும், டீசல் எஞ்சினில் சூடேற்றப் பயன்படும் குளோ பிளக்கும் வைத்துச் செய்தவையும் புகை விடும். அவற்றிலும், ரெகுலேட்டர் நம்பகமில்லாத மாடல்களிலும் ஒரு காவல் போடலாம். புகைக் குழாயில் ஒரு டி (மூன்று வாய் இணைப்பு) பொருத்தி, அதிலிருந்து ஒரு கிளைக் குழாயை உயரமான தண்ணீர் பாட்டிலில் 35 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விடுங்கள். அழுத்தம் மீறினால் புகை அதன் வழியாகக் குமிழியாக வெளியேறிவிடும். விலை உயர்ந்த எந்த ரெகுலேட்டரும் இதைவிடச் சரியாக வேலை செய்வதில்லை.

மெஷினில் ஊற்றுவது மினரல் ஆயில் மட்டுமே. வாசனை சேர்க்காத பேபி ஆயில் அதே சரக்குதான். மேடையில் புகை விடும் கிளைக்கால் திரவத்தை ஊற்றினால் குழாய்க்குள் பிசுபிசுப்பான ஈரம் தங்கும், சென்சாருக்கும் ஆகாது. காற்றுக்குப் பதில் நைட்ரஜன் இணைக்கும் வாய் இருந்தால் அந்த மாடலுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். பெட்ரோல் உள்ள டேங்குக்குள் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் அங்கே தீ பிடிப்பது கடினம்; காற்றைத் தள்ளத் தள்ள அந்த அடர்த்தி குறைந்து எரியக்கூடிய கலவையாக மாறலாம். நைட்ரஜனில் அந்தக் கவலை கிடையாது.

சோதிக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டேங்கில் கால் முதல் முக்கால் வரை பெட்ரோல் இருக்கட்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கேனிஸ்டரின் (டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவின்) வென்ட் வால்வு சாதாரணமாகத் திறந்தே இருக்கும். ஸ்கேனரில் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவியில்) கட்டளை கொடுத்து மூடுங்கள், அந்த வசதி இல்லையென்றால் வென்ட் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். ஸ்கேனரில் மூடுவதாக இருந்தால் பேட்டரி இணைப்பு தேவைப்படும். ஆகவே திறந்த வெளி என்பது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். கேனிஸ்டரில் சேர்ந்த ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியேதான் இருக்கும். எஞ்சின் பக்கம் சர்வீஸ் போர்ட் இருந்தால் அதில் இணைக்கலாம், இல்லையென்றால் பர்ஜ் வால்விலிருந்து கேனிஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அதில் புகை கொடுக்கலாம். பெட்ரோல் மூடியின் இடத்தில் அடாப்டர் வைத்துக் கொடுப்பது சுலபம். ஆனால் பெட்ரோல் போடும்போது எழும் ஆவியையும் கேனிஸ்டரில் பிடிக்கும் வண்டிகளில் ஃபில்லர் குழாய்க்குள் ஒருவழி வால்வு இருக்கும். அங்கே மூடி வழியாகக் கொடுத்த புகை எல்லா மூலைக்கும் போய்ச் சேராது.

புகை கொடுத்ததும் உடனே தேட ஆரம்பிக்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே காற்று நிறைந்திருக்கிறது; முதலில் கசிவு வழியே வெளியேறுவது அந்தக் காற்றுதான், அது கண்ணுக்குத் தெரியாது. மெஷின் இருக்கும் முனைக்கு எதிர்முனையை, பெரும்பாலும் பெட்ரோல் மூடியை, கொஞ்சம் தளர்த்திப் புகை வரும்வரை விட்டுவிட்டு மூடுங்கள். பெரிய டேங்குக்கு ஐந்து நிமிடம்கூட ஆகும். பிறகு அழுத்தம் நிலைக்கட்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்தால் நூல் போலப் போகும் புகையும் தெரியும். காற்று வீசுகிற இடத்தில் 0.5 மில்லிமீட்டர் ஓட்டையைக் கண்டுபிடிப்பதற்கு வாய்ப்பே இல்லை. ஒரு தார்ப்பாயையாவது காற்றுப் பக்கம் கட்டி மறையுங்கள்.

ஃப்ளோ மீட்டரின் அருமை இங்கேதான் தெரியும். எல்லாம் அடைபட்டதும் குண்டு அடிமட்டத்துக்கு இறங்கினால் கசிவில்லை. மிதந்துகொண்டே இருந்தால், புகை உங்கள் கண்ணில் படாவிட்டாலும், எங்கோ போகிறது. கண்ணுக்கு எட்டாத இடம் பெரும்பாலும் பர்ஜ் வால்வின் உட்பக்கம்: வால்வு முழுதாக மூடாமல் புகை இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். வால்வின் எஞ்சின் பக்க ஹோஸைக் கழற்றினால் உடனே தெரிந்துவிடும். இந்தக் கோளாறுக்கு வேறு அடையாளமும் உண்டு. பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக மறுக்கும்; சூடான ஐடிலில் ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் (கணினி பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) மைனஸ் பக்கம் சாயும்.

ஸ்கேனரில் பி0442 என்ற கோளாறு எண் வந்தால் சுமார் 1 மில்லிமீட்டர் ஓட்டைக்குச் சமமான சிறு கசிவு, பி0456 என்றால் 0.5 மில்லிமீட்டர் அளவு, பி0455 என்றால் பெரிய கசிவு. பி0455-க்குப் பலர் உடனே கேனிஸ்டரை மாற்றக் கிளம்புகிறார்கள். பாதி நேரம் காரணம் மூடி சரியாகத் திருகாததோ அதன் ரப்பர் வளையம் வெடித்திருப்பதோதான். மூடியை முதலில் பாருங்கள். மூடி பொருந்தும் உலோக உதட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே துரு பொரிந்திருந்தால் புது மூடி வாங்கியும் பயனில்லை.

ஸ்மோக் மெஷினுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது கையடக்க கேஸ் டிடெக்டர். வளைகிற கழுத்தின் நுனியில் செமிகண்டக்டர் சென்சார். ஆவி பட்டால் டிக் டிக் என்று வேகம் கூடும். இது கசிவின் இடத்தைச் சுட்டாது, பகுதியைத்தான் காட்டும். ஆனால் அதுவே பெரிய உதவி: டேங்கைக் கழற்ற வேண்டுமா, போனட்டைத் திறந்தால் போதுமா என்பது தெரிந்துவிடும். சுத்தமான காற்றில் ஆன் செய்து சூடாக விட்டு, பூஜ்யம் வைத்துக்கொண்டு வண்டிக்கு அருகே போக வேண்டும். ஆவி கீழே இறங்குவதால் சந்தேகப்படும் இணைப்பின் அடியில் நுனியைப் பிடியுங்கள், மேலே அல்ல. வினாடிக்கு ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தினால் சென்சாருக்கு நேரம் போதாது. பிரேக் கிளீனர், சானிடைசர், செண்ட் எல்லாவற்றுக்கும் இது கத்தும்; சிலிகான் ஸ்பிரே பக்கத்தில் அடித்தால் சென்சாரே மந்தமாகிவிடும். திரையில் வரும் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

யு.வி. டை என்பது மெதுவான கசிவுக்கான வைத்தியம். டேங்கில் ஊற்றி (அளவு பாட்டிலில் போட்டபடி, பெட்ரோலுக்கென்றே செய்த டையாக இருக்க வேண்டும்) சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் மஞ்சள் கண்ணாடி போட்டு யு.வி. டார்ச் அடித்துப் பார்க்கலாம். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் டை கறையாக நிற்கும். ஆவிக் கசிவை இது காட்டாது. சந்தேக இடம் ஏற்கெனவே தெரியும் என்றால் டைகூட வேண்டாம்: துடைத்துக் காயவிட்டு முகப்பவுடர் தூவுங்கள். ஈரம் வந்த இடம் கறுத்துவிடும். இந்தக் கட்டுரையில் வரும் பொருள்களில் செலவுக்கும் பலனுக்குமான கணக்கில் முகப்பவுடரை எதுவும் முந்தவில்லை.

திரவப் பாதைக்கு உண்மையான கருவி பிரஷர் கேஜ். போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு வெளியே, இன்டேக் பாதையில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். துல்லிய எண் அந்த வண்டியின் கையேட்டில். இக்னிஷனைப் போட்டு அழுத்தம் ஏறியதும் அணைத்துவிட்டுக் கவனியுங்கள். சட்டென்று இறங்கினால் அது வெளியே கசிகிறது என்று அர்த்தமல்ல. பம்பிலுள்ள ஒருவழி வால்வோ ரெகுலேட்டரோ திருப்பி விட்டிருக்கலாம். ரப்பர் ஹோஸ் உள்ள வண்டியில் சப்ளை ஹோஸை மழுங்கலான பிளையரால் மெதுவாக அழுத்தினால் பிரித்தறியலாம்: அழுத்தியதும் கேஜ் நின்றால் பம்ப் வால்வு, ரிட்டர்ன் ஹோஸை அழுத்தியதும் நின்றால் ரெகுலேட்டர், இரண்டுக்கும் நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டரோ வெளிக்கசிவோ. நைலான் குழாயை அழுத்தவே கூடாது, விரிசல் விடும். நேரடி இன்ஜெக்ஷனில் பம்புக்கு அப்பால் 200 பார் வரையோ அதற்கு மேலோ போகும். அந்தப் பக்கம் அழுத்தத்தை இறக்காமல் ஸ்பேனர் வைப்பது தோலைக் கிழித்து உள்ளே இறங்கும் காயத்தை வரவழைப்பது. அது கையேடும் கருவியும் உள்ளவர்களுக்கான வேலை.

சாதாரண வண்டியில் அழுத்தம் இறக்க, பம்பின் ரிலேயையோ ஃப்யூஸையோ உருவிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். சொட்டும் வண்டிக்கு இந்த வழி ஆகாது. அதற்கு ஸ்டார்ட் செய்யாமல் ரெயிலின் வால்வில் ஹோஸ் மாட்டிப் பாத்திரத்தில் வடிக்க வேண்டும். பிறகும் இணைப்பைத் துணியால் சுற்றித் திறங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காய வைக்க வேண்டும்.

பாகங்களில் அதிகம் ஏமாறுவது ஹோஸில். "பெட்ரோல் ஹோஸ்" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரக் குறியீடு) 30ஆர்7. அது கார்புரேட்டருக்கும், ரிட்டர்னுக்கும், ஆவிக் குழாய்க்கும் போதும். இன்ஜெக்ஷன் பிரஷர் லைனுக்கு 30ஆர்9 வேண்டும். அதன் உட்சுவர் ஃப்ளூரோ ரப்பர், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் தாக்குப்பிடிக்கும், வாடையும் சுவர் வழியே ஊடுருவுவது குறைவு. 30ஆர்7 போட்ட லைன் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் ரப்பர் வழியாகவே வாடை விடுவது உண்டு. துணியால் துடைத்து அந்தத் துணியை முகர்ந்தால் தெரிந்துவிடும். டேங்குக்குள்ளே மூழ்கியிருக்கும் துண்டுக்கு 30ஆர்9-ம் ஆகாது, அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறி உரியும். அங்கே 30ஆர்10 மட்டுமே. அச்சு எழுத்து இல்லாத ஹோஸ் எவ்வளவு கனமாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

கிளிப் விஷயத்தில், பட்டையில் துளை வெட்டிய சாதாரண வார்ம் கிளிப் ரப்பரைக் கீறும். இறுக்க இறுக்க துளை வழியே ரப்பர் பிதுங்கும். ஓரம் மடித்த, துளையில்லாத இன்ஜெக்ஷன் கிளிப் ஹோஸின் அளவுக்குச் சரியாக வாங்குங்கள். அவை ஹோஸைச் சுற்றிச் சமமாக அழுத்தும். ஆனால் சரிசெய்யும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், அளவு தவறினால் பொருந்தாது. ரப்பர் ஹோஸை வழுவழுப்பான நைலான் குழாயில் செருகி கிளிப் போடும் குறுக்கு வழி கண்டிப்பாகக் கசியும். குயிக் கனெக்டர் (அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் இணைப்பு) கசிந்தால் கனெக்டரையே மாற்றுங்கள். மாட்டிய பிறகு ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் பூட்டு விழுந்ததா என்று தெரியும்.

இன்ஜெக்டர் ஓ-ரிங் வாங்கும்போது வைட்டான் (ஃப்ளூரோ ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது ஒரு துளி சுத்தமான எஞ்சின் ஆயில் தடவினால் போதும். கிரீஸ் வேண்டாம், சிலிகான் வேண்டவே வேண்டாம். ஒன்று கசிந்தால் மொத்த செட்டையும் மாற்றுவது நல்லது, எல்லாம் ஒரே வயதுதானே. பம்ப் மாட்யூலின் பெரிய சீல் டேங்கிலிருந்து எடுத்த சில நிமிடத்திலேயே உப்பிப் பெரிதாகிவிடும், திரும்பத் தன் பள்ளத்தில் உட்காராது. மாட்யூலைத் திறப்பதற்கு முன்பே புது சீலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீலன்ட் பக்கம் போக வேண்டாம். சிலிகான் கேஸ்கெட் பேஸ்ட் பெட்ரோலில் ஊறிக் கரண்டியால் வழிக்கிற பதத்துக்கு வந்துவிடும். டெஃப்லான் டேப்பின் நூல்கள் பிய்ந்து இன்ஜெக்டர் வரை போகும். டேங்க் எபாக்ஸி வண்டியை வீடு சேர்க்கும், அவ்வளவுதான். பேஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்டின்) செம்பு வாஷர் ஒரு தடவைக்குத்தான்.

கேனிஸ்டர் விலை கூடியது என்பதால் கடைசியில் பாருங்கள். கழற்றித் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கிறதா, சாய்த்தால் பெட்ரோல் சொட்டுகிறதா? அப்படியென்றால் உள்ளே திரவம் ஏறியிருக்கிறது. பெட்ரோல் பங்கில் கன் தானாக நின்ற பிறகும் "ரவுண்டு பண்ணுங்க" என்று நிரப்பும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். கரித்துண்டு நொறுங்கி பர்ஜ் லைனில் கருந்தூள் வந்திருந்தால் கேனிஸ்டரோடு பர்ஜ் வால்வையும் மாற்றி, இடையே உள்ள குழாயைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லையென்றால் புது வால்வும் ஒரே வாரத்தில் சிக்கும்.

டீசல் வண்டிக்கு இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை தேவையில்லை. டீசல் எளிதில் ஆவியாகாது, கசிந்த இடத்தில் ஈரமாகவே நிற்கும். இன்ஜெக்டர்களுக்கு மேல் ஓடும் மெல்லிய லீக்-ஆஃப் ஹோஸ் (மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புவது), ஃபில்டர் கிண்ணத்தின் ஓ-ரிங், இந்த இரண்டும் முதல் சந்தேகம். காமன் ரெயில் (உயர் அழுத்த டீசல்) எஞ்சின் ஓடும்போது கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

கசிவை அடைத்த பிறகும் உள்ளே வாடை சில நாள் நிற்கும். கார்ப்பெட்டில் பெட்ரோல் சிந்தியிருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள ஸ்பாஞ்சை வெளியே எடுத்துக் காயவிடுங்கள். மேலே சமையல் சோடா தூவுவது மிச்ச சொச்சத்துக்குத்தான் உதவும். கார் பெர்ஃப்யூம் மட்டும் இப்போது வேண்டாம், புதுக் கசிவு வந்தால் காட்டிக்கொடுக்க இருப்பது மூக்கு ஒன்றுதான். வேலை முடிந்ததும் அதே 0.5 பி.எஸ்.ஐ.-யில் இன்னொரு முறை புகை போட்டு ஃப்ளோ மீட்டர் குண்டு கீழே உட்காருகிறதா என்று பாருங்கள். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்த மறுநாளே வண்டி தன் கசிவுச் சோதனையை முடித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல வண்டிகளில் டேங்க் சுமார் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்து, ஒரு இரவு ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தால்தான் அந்தச் சோதனையே தொடங்கும்.